ரிவெர்ப் கோளாறா? முதலில் பாதையைப் பாருங்கள், அப்புறம் அளவு

பாட்டை மிக்ஸ் செய்யும்போது ரிவெர்ப் (ஒலி ஒரு இடத்துக்குள் ஒலிப்பதுபோல் காட்டும் எதிரொலி) சரியாக அமையவில்லை என்றதும் கை நேராகப் போவது, அதற்கு எவ்வளவு ஒலி போக வேண்டும் என்று வைக்கும் சென்ட் குமிழுக்குத்தான். ஏற்றிப் பார்ப்போம், இறக்கிப் பார்ப்போம், ரிவெர்பை உண்டாக்கும் ப்ளகினையே (மென்பொருளுக்குள் ஓடும் துணை நிரலையே) மாற்றிப் பார்ப்போம். ஆனால் இப்படி வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் ரூட்டிங்கில்தான், அதாவது ஒலி போகும் பாதையில்தான் இருக்கும். பாதை தப்பாக இருக்கும்போது அளவைத் திருத்தினால், பிறகு பாதையைச் சரிசெய்யும் நாளில் அந்த அளவுகள் எல்லாம் தப்பாகிவிடும். அதனால் கீழே ரூட்டிங் சம்பந்தப்பட்ட அறிகுறிகள் முதலில் வருகின்றன, அளவு சம்பந்தப்பட்டவை பின்னால் வருகின்றன. உங்கள் காதுக்குக் கேட்கும் கோளாறு எது என்று பார்த்து அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம்.

போவதற்கு முன் பாதையை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிராக்கிலேயே நேராகப் போட்டிருக்கும் இன்செர்ட் ப்ளகின்களைத் தாண்டியதும் சென்ட் சிக்னலின் ஒரு நகலை எடுக்கிறது. அந்த நகல் ஒரு பஸ்ஸில் (மென்பொருளுக்குள் ஒலியைக் கொண்டுபோகும் தடத்தில்) ஏறுகிறது. அந்த பஸ்ஸை இன்புட்டாக வைத்திருக்கும் இன்னொரு டிராக்கில் ரிவெர்ப் ப்ளகின் உட்கார்ந்திருக்கிறது. அந்த டிராக்கின் ஃபேடரைத் (அளவை ஏற்றி இறக்கும் பிடியைத்) தாண்டி, அதன் அவுட்புட் எல்லா ஒலியும் கடைசியில் சேரும் மாஸ்டருக்கோ, சில டிராக்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ஏதாவது குரூப்புக்கோ போகிறது. பதிவு, மிக்ஸ் மென்பொருள்களான புரோ டூல்ஸிலும் லாஜிக்கிலும் இந்த இன்னொரு டிராக்கை ஆக்ஸ் என்பார்கள். ஏபிள்டன் லைவில் ரிட்டர்ன், கியூபேஸில் எஃப்எக்ஸ் சேனல். ரீப்பரில் அதற்கென்று தனி வகையே கிடையாது, எந்த டிராக்கும் அந்த வேலையைச் செய்யும். இங்கே எல்லாவற்றுக்கும் பொதுவாக ரிட்டர்ன் என்றே சொல்கிறேன்.

ஒவ்வொரு டிராக்கிலும் தனி ரிவெர்ப் போடக் கணினிக்குத் தெம்பு இருக்கும் இந்தக் காலத்திலும் ஏன் இந்தச் சுற்றுப் பாதை? 1957-இல் வந்த இஎம்டி 140 என்ற பிளேட் ரிவெர்ப், ஒரு பெரிய இரும்புத் தகட்டை அதிரவைத்து எதிரொலி உண்டாக்கும் பெட்டி. எடை கால் டன்னுக்கும் மேல். சேனலுக்கு ஒன்று வாங்கி வைக்கிற சாமானா அது? எல்லாச் சேனல்களும் ஒன்றையே பங்கு போட்டுக்கொள்ளத்தான் கன்சோலில் சென்டும் ரிட்டர்னும் உதவின. அந்தப் பங்கில் ஒரு லாபமும் கிடைத்தது: எல்லா வாத்தியங்களும் ஒரே இடத்தில் இருப்பதுபோல் கேட்டன. இன்றைக்கும் சென்ட் முறையை விடாமல் வைத்திருக்க அது ஒன்றே போதுமான காரணம்.

சென்டை ஏற்றியும் ரிவெர்ப் கேட்கவே இல்லை

காதை விட்டுவிட்டு மீட்டரைப் பாருங்கள். பாட்டை ஓடவிட்டு ரிட்டர்ன் டிராக்கின் மீட்டர் அசைகிறதா என்று கவனியுங்கள்.

அசையவில்லை என்றால் சிக்னல் அங்கே வந்து சேரவில்லை. சென்ட் எந்த பஸ்ஸுக்குப் போகிறது, ரிட்டர்னின் இன்புட் எந்த பஸ் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சென்ட் பஸ் 3-4-க்குப் போகும், ரிட்டர்ன் பஸ் 5-6-ஐக் கேட்டுக்கொண்டிருக்கும். வேறொரு செஷனிலிருந்து டிராக்குகளை இறக்குமதி செய்யும்போது இது அடிக்கடி நடக்கும். பஸ்களுக்கு எண்ணாகவே விடாமல் ‘குரல் ஹால்’, ‘டிரம் ரூம்’ என்று பெயர் வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் பார்த்தவுடனே தெரிந்துவிடும். அப்புறம், சென்ட் ஆன் ஆகியிருக்கிறதா? கியூபேஸில் ஒவ்வொரு சென்டுக்கும் தனி ஆன் பொத்தான் உண்டு. புரோ டூல்ஸில் புதிதாகப் போடும் சென்ட் அடிமட்டத்தில் தொடங்க வேண்டுமா பூஜ்ஜிய டெசிபலில் தொடங்க வேண்டுமா என்பதை விருப்ப அமைப்புகளில் வைக்கலாம். அடிமட்டம் என்று வைத்திருந்தால் நீங்களாக ஏற்றும்வரை ஒன்றும் போகாது.

மீட்டர் அசைகிறது, ஆனால் கேட்கவில்லை என்றால் சிக்கல் ரிட்டர்னுக்குப் பிறகு. அதன் அவுட்புட் மாஸ்டருக்குப் போகிறதா, இல்லை ஒன்றும் இணைக்காத ஹார்ட்வேர் அவுட்டுக்குப் போகிறதா என்று பாருங்கள். ரீப்பரில் ரூட்டிங் சாளரத்தில் மாஸ்டர் சென்ட் என்ற கட்டத்தில் குறி எடுபட்டிருந்தால் அந்த டிராக்கின் ஒலி மாஸ்டருக்குப் போகவே போகாது. ப்ளகின் பைபாஸில் இருந்தாலோ, அதன் மிக்ஸ் பூஜ்ஜியத்தில் இருந்தாலோ மீட்டர் அசையும், எதிரொலி மட்டும் வராது. கேட்பது டிராக்கின் நகல்தான். அது அடுத்த அறிகுறி.

சென்டை ஏற்றினால் எதிரொலிக்குப் பதிலாகக் குரலே பெரிதாகிறது

ரிட்டர்னில் இருக்கும் ரிவெர்ப் ப்ளகினின் மிக்ஸ் குமிழ் 100 சதவீதம் ‘வெட்’ நிலையில், அதாவது எதிரொலி மட்டும் வரும்படி இருக்க வேண்டும். பல ப்ளகின்கள் திறக்கும்போதே 30 அல்லது 50 சதவீதத்தில் திறக்கும், ஏனென்றால் இன்செர்ட்டாகப் போடுபவர்களை நினைத்து அந்த ப்ரீசெட்டுகளை (தயார் அமைப்புகளை) செய்திருக்கிறார்கள். ட்ரை சிக்னல், அதாவது எதிரொலி சேராத மூல ஒலி, ரிட்டர்ன் வழியாகவும் வந்தால் ஒரே குரல் இரண்டு வழியாக மாஸ்டரைச் சேர்கிறது. இரண்டும் அச்சாக ஒன்றே என்பதால், சென்ட் பூஜ்ஜிய டெசிபலில் இருந்து ட்ரை முழுதாகக் கடந்து வந்தால் குரல் 6 டெசிபல் ஏறும். சென்ட் கழித்தல் 6-இல் என்றால் ஏற்றம் ஏறக்குறைய 3.5 டெசிபல், கழித்தல் 12-இல் என்றால் ஏறக்குறைய 2 டெசிபல். இந்த 2 டெசிபல்தான் ஏமாற்றுக்காரன். காதுக்குத் தப்பாகத் தெரியாது, ‘ரிவெர்ப் போட்டதும் குரல் என்னமாய் முன்னால் வந்துவிட்டது’ என்று மகிழ்ச்சியாகக்கூட இருக்கும்.

ப்ரீசெட் மாற்றும்போது மிக்ஸ் அளவும் கூடவே மாறிவிடும் என்பதைக் கவனியுங்கள். நல்ல ப்ளகின்களில் மிக்ஸ் குமிழுக்குப் பக்கத்தில் பூட்டு ஒன்று இருக்கும். அதைப் போட்டுவிட்டு ப்ரீசெட்டுகளை உலவுங்கள்.

மிக்ஸ் 100-இல் இருந்தும் குரல் ஏறுகிறதென்றால் சிக்னல் வேறு எங்கோ இரட்டிக்கிறது. ஒரு டிராக்கைக் குரூப் பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு அதன் நேரடி மாஸ்டர் இணைப்பை எடுக்காமல் விட்டிருப்போம். எஃப்எல் ஸ்டூடியோவில் இது மிகச் சாதாரணம்: மிக்ஸர் டிராக்கிலிருந்து இன்னொரு டிராக்குக்கு இணைப்புக் கொடுத்தாலும் மாஸ்டருக்கான பழைய இணைப்பு அப்படியே இருக்கும். குரூப்புக்கு அனுப்புவதென்றால், போக வேண்டிய டிராக்கின் கீழே உள்ள அம்புக்குறியில் வலது கிளிக் செய்து ‘இந்த டிராக்குக்கு மட்டும்’ என்ற தேர்வைச் சொடுக்குங்கள். ரிவெர்ப் சென்டுக்கு அப்படிச் செய்யக் கூடாது, அங்கே நேரடி இணைப்பும் வேண்டும். குரூப்புக்கு ஒரே வழி, எஃபெக்டுக்கு இரண்டு வழி.

குரல் ஏறாமல், உள்ளீடற்ற குழாய்க்குள் பேசுவதுபோல் ஆகிவிட்டதா? அப்படியென்றால் இரட்டித்த சிக்னல்களில் ஒன்று கொஞ்சம் தாமதமாக வருகிறது. 48 கிலோஹெர்ட்ஸ் செஷனில் 48 சாம்பிள் தாமதம் என்றால் 1 மில்லி செகண்ட். அவ்வளவு தாமதமே 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் தோண்டப் போதும். ப்ளகின் தாமத ஈடுசெய்தல் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒலியைத் தாமதமாக்கும் லீனியர் ஃபேஸ் ஈக்யூ (ஈக்யூ என்பது அலைவரிசைகளை ஏற்றி இறக்குவது), லுக்அஹெட் உள்ள லிமிட்டர் போன்றவைதான் இங்கே வழக்கமான சந்தேக நபர்கள். முழுதும் ‘வெட்’ ஆக இருக்கும் ரிவெர்புக்கு இந்தத் தாமதம் பெரிய கெடுதல் செய்யாது, ப்ரீடிலே (எதிரொலி தொடங்கும் முன் உள்ள இடைவெளி) கொஞ்சம் கூடினதுபோல் ஆகும், அவ்வளவுதான். ஆனால் மூல ஒலியோடு அதன் அமுக்கிய நகலைச் சேர்க்கும் பேரலல் கம்ப்ரஷன் பஸ்ஸை இதே தாமதம் நாசமாக்கிவிடும். அதனால் ஈடுசெய்தலை ஆஃப் செய்துவிட்டு ‘ரிவெர்ப் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று முடிவு கட்டாதீர்கள்.

ஃபேடரை இறக்கிய பிறகும் ரிவெர்ப் மட்டும் நிற்கிறது

ஒரே அறிகுறிதான், ஆனால் காரணம் இரண்டு. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. மிக்ஸ் செய்பவர்கள் அதிக நேரம் இழக்கும் இடம் இது என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

முதல் காரணம் ப்ரீ ஃபேடர் சென்ட். சென்ட் நகலை எடுக்கும் இடம் ஃபேடருக்கு முன்னாலா பின்னாலா என்பதுதான் விஷயம். பின்னால் என்றால், குரலை 5 டெசிபல் இறக்கினால் ரிவெர்புக்குப் போகும் சிக்னலும் 5 டெசிபல் இறங்கும், விகிதம் மாறாது. முன்னால் என்றால் ஃபேடர் எங்கே இருந்தாலும் ரிவெர்ப் அதே அளவில் நிற்கும். மிக்ஸில் ரிவெர்புக்குப் போஸ்ட் ஃபேடர்தான் வேண்டும். ப்ரீ ஃபேடர், பாடுபவரின் ஹெட்போன் மிக்ஸுக்கு உரியது. நீங்கள் ஃபேடரை ஆட்டினால் அவர் காதில் எதுவும் மாறக் கூடாது அல்லவா. பதிவு முடிந்து அதே செஷனில் மிக்ஸைத் தொடங்கும்போது பழைய ப்ரீ சென்டுகள் அப்படியே தங்கியிருக்கும். முதலில் அவற்றைத் தேடிப் பிடியுங்கள்.

லாஜிக்கில் சென்டை அழுத்தினால் போஸ்ட் பேன் (ஒலியை இடது வலது என்று நகர்த்தும் பேனுக்குப் பின்), போஸ்ட் ஃபேடர், ப்ரீ ஃபேடர் என்று மூன்றும் வரும். ரீப்பரிலும் மூன்று: போஸ்ட் ஃபேடர், ப்ளகின்களுக்குப் பின் ஆனால் ஃபேடருக்கு முன், ப்ளகின்களுக்கே முன். இந்தக் கடைசித் தேர்வு தவறுதலாக விழுந்திருந்தால் ஈக்யூவும் கம்ப்ரஸரும் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) படாத பச்சைக் குரல் ரிவெர்புக்குப் போகும். குரலை எவ்வளவு சுத்தம் செய்தாலும் ரிவெர்ப் மட்டும் அழுக்காகவே கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஏபிள்டன் லைவில் ப்ரீ, போஸ்ட் பொத்தான் டிராக்கில் இருக்காது; மெயின் டிராக்கில், ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் ஒன்றாக இருக்கும். அதை ஒரு முறை மாற்றினால் அந்த ரிட்டர்னுக்குப் போகும் எல்லாச் சென்டுகளும் மாறிவிடும்.

மியூட் செய்தும் ரிவெர்ப் கேட்டால் இதே கதைதான். சில மென்பொருள்களில் மியூட் ப்ரீ சென்டையும் சேர்த்து அடைக்கும், சிலவற்றில் அது உங்கள் விருப்பம். கியூபேஸில் மியூட் செய்தால் ப்ரீ சென்டும் மியூட் ஆக வேண்டும் என்ற தேர்வு, விருப்ப அமைப்புகளில் விஎஸ்டி பக்கத்தில் இருக்கிறது.

இரண்டாவது காரணம் குரூப் பஸ். சென்டுகள் எல்லாம் சரியாகப் போஸ்ட் ஃபேடரில்தான் இருக்கின்றன. ஆறு குரல் டிராக்குகள் ஒரு குரூப்புக்குப் போகின்றன, குரூப் மாஸ்டருக்குப் போகிறது. ரிவெர்ப் ரிட்டர்னும் நேராக மாஸ்டருக்குப் போகிறது. இப்போது குரூப் ஃபேடரை 6 டெசிபல் இறக்குங்கள். குரல்கள் இறங்கும். ஆனால் அவற்றின் சென்டுகள் குரூப்புக்கு முன்னாலேயே பிரிந்து போய்விட்டதால் ரிவெர்ப் பழைய அளவிலேயே நிற்கும். பாடகர்கள் எல்லாரும் திடீரென்று பின்சுவருக்கு நகர்ந்துவிட்டதுபோல் இருக்கும். குரூப் ஃபேடரில் ஃபேட்அவுட் ஆட்டோமேஷன் போட்டால் கடைசியில் வெறும் எதிரொலி மட்டும் மிஞ்சும்.

இதற்கு மூன்று வழி. ரிட்டர்னின் அவுட்புட்டையும் அதே குரூப்புக்குத் திருப்பிவிடலாம். எளிது, ஆனால் அந்த ரிவெர்பை அந்தக் குரூப் மட்டுமே பயன்படுத்த வேண்டும். மேலும் குரூப்பில் கம்ப்ரஸர் இருந்தால் எதிரொலியும் அதற்குள் புகுந்து, குரல் நிற்கும் இடைவெளிகளில் பொங்கி எழும். இரண்டாவது வழி, தனித்தனிச் சென்டுகளை எடுத்துவிட்டுக் குரூப் பஸ்ஸிலிருந்தே ஒரு போஸ்ட் ஃபேடர் சென்ட் போடுவது. பின்னணிக் குரல்களுக்கு, எல்லாருக்கும் ஒரே அளவு ரிவெர்ப் போதும் என்றால், இதைவிடச் சுத்தமான வழி இல்லை. மூன்றாவது, விசிஏ ஃபேடர். விசிஏ வழியாக ஒலி எதுவும் ஓடாது, உறுப்பு டிராக்குகளின் ஃபேடர்களைத்தான் அது தூரத்திலிருந்து நகர்த்துகிறது. அதனால் போஸ்ட் ஃபேடர் சென்டுகளும் கூடவே இறங்கும், விகிதம் அப்படியே இருக்கும். புரோ டூல்ஸ், லாஜிக், கியூபேஸ் மூன்றிலும் விசிஏ உண்டு. குரூப்பில் சேர்ந்து ஓட வேண்டிய ப்ளகின் இருந்தால் குரூப்பை வைத்துக்கொண்டு அதன் ஃபேடரைப் பூஜ்ஜியத்திலேயே விட்டுவிடுங்கள், அளவு மாற்றத்தை விசிஏவில் செய்யுங்கள். பெரிய செஷன்களுக்கு நான் சொல்வது இதைத்தான். குரூப்பில் கம்ப்ரஸர் இருக்கும்போது விசிஏவை இறக்கினால் கம்ப்ரஸருக்குள் போகும் அளவும் குறையும், அமுக்கமும் மாறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சோலோ போட்டால் ரிவெர்ப் காணாமல் போகிறது

கோளாறு இல்லை. ஒரு டிராக்கைச் சோலோ செய்ததும் மென்பொருள் மற்ற எல்லாவற்றையும் அடைக்கிறது, அந்த மற்றதில் ரிட்டர்னும் ஒன்று. ரிட்டர்னுக்குச் சோலோ சேஃப் போட்டுவிட்டால் அது அடைபடாது. புரோ டூல்ஸில் ரிட்டர்னின் சோலோ பொத்தானை மேக்கில் கமாண்ட், விண்டோஸில் கண்ட்ரோல் அழுத்திக்கொண்டு சொடுக்க வேண்டும். லாஜிக்கில் கண்ட்ரோல், கியூபேஸில் ஆல்ட். ரீப்பரில் சோலோ பொத்தானில் வலது கிளிக் செய்தால் சோலோ டிஃபீட் என்று வரும். லைவ் ரிட்டர்ன்களைத் தானாகவே திறந்து வைக்கும்.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. வெறும் எதிரொலியை மட்டும் கேட்க ரிட்டர்னைச் சோலோ செய்தால் சில மென்பொருள்களில் மூல டிராக் அடைபட்டு மொத்தமும் மௌனமாகிவிடும். அப்போது அந்தச் சென்டைக் கொஞ்ச நேரத்துக்கு ப்ரீ ஃபேடராக்கி, டிராக் ஃபேடரை அடிவரை இறக்குங்கள். எதிரொலி மட்டும் தனியே கேட்கும். வேலை முடிந்ததும் போஸ்ட்டுக்குத் திருப்ப மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் முந்தின பகுதிக்கே திரும்பி வர வேண்டியிருக்கும்.

எதிரொலி ஒரே பக்கத்தில் கேட்கிறது

பஸ் மோனோவா ஸ்டீரியோவா, ரிட்டர்னின் இன்புட் இடது சேனலை மட்டும் எடுக்கிறதா என்று பாருங்கள். அது சரியென்றால் சென்டின் பேன். சென்டுக்குத் தனி பேன் உள்ள மென்பொருள்களில் டிராக்கின் பேனோடு அதைச் சேர்த்து நகர்த்தும் வசதி இருக்கும். சேர்த்தால் இடப்பக்கக் கிட்டாரின் எதிரொலி இடப்பக்கமாகத் தொடங்கும், சேர்க்காவிட்டால் எங்கே பேன் செய்தாலும் நடுவிலிருந்தே தொடங்கும். இரண்டுமே தப்பில்லை, தெரியாமல் நடப்பதுதான் தப்பு. கிட்டாரை இடதில் வைத்து அதன் சென்டை வேண்டுமென்றே வலதுக்குத் தள்ளினால் நல்ல அகலம் கிடைக்கும்.

பாதை எல்லாம் சரி, ஆனாலும் மிக்ஸ் கலங்கலாக இருக்கிறது

இப்போதுதான் சென்ட் அளவுகளைத் தொடலாம்.

ஒவ்வொரு டிராக்கையும் தனியாகச் சோலோ செய்து ரிவெர்ப் அளவு வைத்தால் முழு மிக்ஸில் கண்டிப்பாக அதிகமாகத்தான் வரும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. தொடர்பில்லாத ஒலிகள் சமமான அளவில் சேரும்போது எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 3 டெசிபல் ஏறும். ஒரு டிராக்குக்கு அளவாக இருந்த ரிவெர்ப் பஸ், எட்டு டிராக்குகள் அதே அளவில் அனுப்பும்போது 9 டெசிபல் உயர்ந்து நிற்கும். பதினாறு என்றால் 12. எந்தத் தனிச் சென்டைப் பார்த்தாலும் ‘இவ்வளவு கொஞ்சம்தானே’ என்றுதான் தோன்றும்.

ஆகவே ரிட்டர்ன் ஃபேடரைப் பூஜ்ஜியத்தில் வையுங்கள், எல்லாச் சென்டுகளையும் அடிமட்டத்துக்கு இறக்குங்கள், எல்லா டிராக்குகளும் ஓடும்போது முக்கியமான ஒன்றிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் அது குரல். ரிவெர்ப் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற இடம்வரை ஏற்றி, அங்கிருந்து 2 அல்லது 3 டெசிபல் இறக்குங்கள். பிறகு ரிட்டர்னை மியூட் செய்து எடுத்துப் பாருங்கள். மியூட் செய்ததும் ஏதோ சுருங்கினதுபோல் இருந்து, எடுத்ததும் ‘ரிவெர்ப்’ என்று தோன்றாமல் இடம் விரிந்ததுபோல் மட்டும் இருந்தால் அளவு சரி. அடுத்த டிராக்குக்குப் போங்கள். எல்லாருக்கும் சென்ட் கொடுக்க வேண்டும் என்று யாரும் கட்டளை போடவில்லை. பேஸ் கிட்டாருக்கும் கிக்குக்கும் ஹால் ரிவெர்ப் கொடுக்காமல் விட்டாலே பாதிக் கலங்கல் தெளிந்துவிடும்.

சென்டைக் கழித்தல் 10-இலும் ரிட்டர்னைப் பூஜ்ஜியத்திலும் வைப்பதும், அதைத் தலைகீழாக வைப்பதும் ஒன்றுதானே என்று கேட்கலாம். ரிட்டர்னில் சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைப்பது), கம்ப்ரஸர், கேட் (மெல்லிய ஒலியை அடைப்பது) எதுவும் இல்லாதவரை ஒலியில் ஒன்றுதான். அவை இருந்தால் ஒன்றல்ல, ஏனென்றால் உள்ளே போகும் அளவைப் பொறுத்துத்தான் அவை வேலை செய்யும். ரிட்டர்னைப் பூஜ்ஜியத்தில் வைக்கச் சொல்வது வேறு காரணத்துக்காக: மொத்த ரிவெர்பையும் ஒரு கையால் ஏற்றி இறக்க மேலும் கீழும் இடம் வேண்டும்.

அளவு சரியாகியும் அடித்தொனியில் ஒரு மூட்டம் மிஞ்சுகிறதென்றால் ரிட்டர்னில் ரிவெர்புக்கு முன்னால் ஈக்யூ போடுங்கள். லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவின் பெயரால் அறியப்படும் வழக்கம், 600 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டுவது. 600 என்பது கேட்கக் கொடூரமாக இருந்தாலும் நெரிசலான மிக்ஸில் அற்புதமாக உட்காரும். இரண்டு மூன்று டிராக்குகள் மட்டுமே உள்ள மெல்லிய பாட்டில் 600 வேண்டாம், 200-இல் தொடங்கிப் பாருங்கள். ஈக்யூவை ரிவெர்புக்கு முன் போடுவதா பின் போடுவதா என்று நிறையச் சண்டை நடக்கிறது. நேரத்தோடு மாறாத சாதாரண ரிவெர்பில் இரண்டும் ஒரே விளைவைத்தான் தரும். மாடுலேஷனோ (எதிரொலி தானாக அசைந்து மாறுவது) சாச்சுரேஷனோ உள்ளதில்தான் வித்தியாசம் கேட்கும்.

சொற்கள் தெளிவில்லாமல் குழைகின்றன என்றால் அளவைத் தொடும் முன் ப்ரீடிலேயைத் தொடுங்கள். குரல் முதலில் வந்து 20 முதல் 40 மில்லி செகண்ட் கழித்து எதிரொலி தொடங்கினால், அதே அளவு ரிவெர்பிலேயே எழுத்துகள் முன்னால் வந்துவிடும். பாட்டின் வேகத்தோடு பொருத்த விரும்பினால் 60,000-ஐ நிமிடத்துக்கான தாள எண்ணிக்கையால் வகுங்கள். 120 என்றால் ஒரு அடிக்கு 500 மில்லி செகண்ட், அதில் பதினாறில் ஒரு பங்கு ஏறக்குறைய 31. டிகே நேரத்தையும் இதே கணக்கில் பார்க்கலாம். டிகே என்பது எதிரொலி 60 டெசிபல் தணிய எடுக்கும் நேரம். 120 வேகத்தில் நான்கு அடிகள் 2 செகண்டில் முடிந்துவிடும். அங்கே 4 செகண்ட் டிகே வைத்தால் ஒவ்வொரு சுற்றின் எதிரொலியும் அடுத்த சுற்றின் மேல் படுத்திருக்கும். கார்டு மாறும் இடத்தில் சுரம் அடித்துக்கொள்ளும். சென்ட் அளவை எத்தனை இறக்கினாலும் இது தீராது.

மோனோவிலும் ஒரு முறை கேளுங்கள். அகலமான ஸ்டீரியோ ரிவெர்பில் இடவல வேறுபாடாக உள்ள பகுதி மோனோவில் ரத்தாகிவிடும், ட்ரை குரல் அப்படியே நிற்கும். அதனால் மோனோவில் ரிவெர்ப் கொஞ்சம் குறைவது இயல்பு. முழுவதுமாகக் காணாமல் போனால் ப்ளகினின் அகலக் குமிழை இறக்குங்கள்.

சில இடங்களில் மட்டும் ரிவெர்ப் பொங்குகிறது

ஸ், ஷ், ச் வரும் இடங்களில் சீறல் தெறிக்கிறது என்றால் ரிட்டர்னில் ரிவெர்புக்கு முன்னால் சீறலை அடக்கும் ஒரு டீஎஸ்ஸர் போடுங்கள். குரல் டிராக்கிலேயே ஏற்கெனவே ஒன்று இருந்தாலும் போடுங்கள். டிராக்கில் கடுமையாகப் போட்டால் பாடுபவருக்கு நாக்கு தடிப்பதுபோல் ஆகும். ரிட்டர்னில் எவ்வளவு கடுமையாகப் போட்டாலும் யாருக்கும் தெரியாது.

குரல் டிராக்கில் கம்ப்ரஸரைப் புதிதாகச் சேர்த்த பிறகு ரிவெர்ப் கூடினதுபோல் இருக்கிறதா? கூடித்தான் இருக்கிறது. சென்ட் இன்செர்ட்டுகளுக்குப் பிறகு எடுக்கிறது. கம்ப்ரஸர் மெல்லிய இடங்களையும் மூச்சையும் உயர்த்தி அனுப்புகிறது. சென்டைக் கொஞ்சம் இறக்கினால் போதும்.

வரிகளுக்கு நடுவே எதிரொலி வீங்குகிறதென்றால் மாஸ்டர் கம்ப்ரஸரைச் சந்தேகியுங்கள். குரல் நின்றதும் அது பிடியை விடுகிறது, வாலாக இருந்த எதிரொலி மேலே வருகிறது. மாஸ்டரில் த்ரெஷோல்டை (அது அமுக்கத் தொடங்கும் அளவை) தளர்த்துவது நேர்வழி.

நிறைய ரிவெர்பும் வேண்டும், வார்த்தையும் தெளிவாக வேண்டும் என்றால் டக்கிங். ரிட்டர்னில் ரிவெர்புக்குப் பின்னால் ஒரு கம்ப்ரஸர், அதன் சைட்செயினுக்கு (எப்போது அமுக்குவது என்று சொல்லும் தனி இன்புட்டுக்கு) ட்ரை குரல். பாடும்போது எதிரொலி 3 முதல் 6 டெசிபல் பதுங்கும், நிறுத்தியதும் எழும். ரிலீஸை (பிடியை விடும் நேரத்தை) 200, 300 மில்லி செகண்ட் அளவில் தொடங்குங்கள். சைட்செயினுக்குப் போகும் சென்ட் மட்டும் ப்ரீ ஃபேடராக இருக்கட்டும், இல்லாவிட்டால் குரல் ஃபேடரை ஆட்டும்போதெல்லாம் டக்கிங் ஆழமும் மாறும்.

ஊளை கிளம்பி மீட்டர் சிவப்பில் ஏறுகிறது

உடனே மாஸ்டரை இறக்குங்கள், ஹெட்போனைக் கழற்றுங்கள். ரிட்டர்னின் ஒலி எப்படியோ சுற்றி அதன் இன்புட்டுக்கே வருகிறது. டிலே ரிட்டர்னிலிருந்து ரிவெர்புக்கும், ரிவெர்ப் ரிட்டர்னிலிருந்து டிலேவுக்கும் சென்ட் இருந்தால் வட்டம் மூடிவிடும். ஒன்றை வெட்டுங்கள், பெரும்பாலும் தேவைப்படுவது டிலேவிலிருந்து ரிவெர்புக்குப் போகும் சென்ட் மட்டுமே. லைவில் ரிட்டர்ன்களின் சென்டுகள் இந்தப் பயத்தால்தான் முதலில் அணைந்தே இருக்கின்றன. ரீப்பரிலும் ஃபீட்பேக் ரூட்டிங்கைப் புராஜெக்ட் அமைப்பில் நீங்களாக அனுமதித்தால்தான் நடக்கும்.

எக்ஸ்போர்ட் செய்ததும் மாறிவிடுகிறது

கடைசி எதிரொலி கத்தரித்ததுபோல் நின்றால், எக்ஸ்போர்ட் எல்லை கடைசிக் கிளிப்போடு முடிந்திருக்கிறது. எல்லையை டிகே நேரத்துக்கு மேலாக நீட்டுங்கள். லாஜிக்கின் பவுன்ஸ் சாளரத்தில் ஆடியோ வாலைச் சேர்க்கும் தேர்வு உண்டு, ரீப்பரின் ரெண்டரில் வால் நீளத்தை மில்லி செகண்டில் கொடுக்கலாம்.

ஸ்டெம்கள்தான் நிஜத் தலைவலி. டிரம், கிட்டார், குரல் என்று தனித்தனியாக எக்ஸ்போர்ட் செய்து திரும்ப அடுக்கினால் மூல மிக்ஸைப்போல் கேட்பதில்லை. எல்லாரும் ஒரே ரிவெர்பைப் பங்கு போட்டிருந்தால், ஒவ்வொரு ஸ்டெம்மிலும் அந்தக் குழுவின் எதிரொலி மட்டும் வர வேண்டும். அதற்கு ரிட்டர்ன்களைச் சோலோ சேஃபில் வைத்து ஒவ்வொரு குழுவாகச் சோலோ செய்து எடுங்கள். லைவில் தனி டிராக்குகளை எடுக்கும்போது ரிட்டர்ன், மெயின் எஃபெக்டுகளையும் சேர்க்கும் தேர்வு எக்ஸ்போர்ட் சாளரத்திலேயே இருக்கிறது.

ஆனால் ரிட்டர்னிலோ மாஸ்டரிலோ கம்ப்ரஸர், லிமிட்டர், சாச்சுரேஷன் இருந்தால், பகுதிகளின் கூட்டுத்தொகை முழுமைக்குச் சமமாகவே ஆகாது. தனியாக ஓடும் டிரம் மாஸ்டர் கம்ப்ரஸரை அமுக்கும் விதம் வேறு, எல்லாரும் சேர்ந்து அமுக்கும் விதம் வேறு. மாஸ்டர் ப்ளகின்களை அணைத்துவிட்டு எடுங்கள். ரிட்டர்னில் டக்கிங் போன்றவை இருந்தால் அந்த எதிரொலியைத் தனி ஸ்டெம்மாகவே எடுத்துக் கொடுங்கள். சரிபார்க்க, மாஸ்டர் ப்ளகின் இல்லாத முழு மிக்ஸையும் எல்லா ஸ்டெம்களையும் ஒரு புதிய செஷனில் ஒரே தொடக்கத்தில் அடுக்கி, முழு மிக்ஸின் போலாரிட்டியைத் திருப்புங்கள் (அதன் அலையைத் தலைகீழாக்குங்கள்). மௌனம் என்றால் ஸ்டெம்கள் சரி. மாடுலேஷன் உள்ள ரிவெர்ப் ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் வேறாக அசையும் என்பதால் லேசான எதிரொலி மிச்சம் கேட்கலாம், அதை விட்டுவிடலாம். குரலோ டிரம்மோ ட்ரையாகக் கேட்டால் ஏதோ ஒரு டிராக் இரண்டு ஸ்டெம்களில் போயிருக்கிறது, அல்லது எதிலுமே போகவில்லை.